புதிய கோச் தோற்றுவிட்டார்: மலைக் கல்லூரி கால்பந்து ரசிகர்கள் அடுத்து என்ன செய்ய வேண்டும்?

நீலகிரியிலிருந்து ஒரு கல்லூரி அணி புதிய பயிற்சியாளரோடு கோவைக்கு இறங்கி, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் மூன்று கோல் வாங்கித் தோற்றுவிட்டால், அணியின் வேன் கல்லாறு தாண்டி மலையேறத் தொடங்குவதற்கு முன்பே அவர் மீதான தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "பழைய சார் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா" என்று தொடங்குவார். இரவு ஒன்பது மணிக்குள், ஆட்டத்தைப் பார்க்காதவர்களும் அதற்கு ஆமாம் போட்டிருப்பார்கள். அந்தத் தீர்ப்பை எவ்வளவு காலம் தள்ளிவைக்கலாம், அந்தக் காலத்தில் எதைக் கவனிக்க வேண்டும், யாரிடம் எதைக் கேட்கலாம், எதற்கு ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது என்பதைச் சொல்வதற்காக இதை எழுதுகிறேன். உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் ஆகிய ஊர்களில் கல்லூரி அணியைத் தங்கள் அணியாக நினைக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும்.

தோற்ற அன்று மாலை

முதல் வேலை, எதையும் எழுதாமல் இருப்பது. நம் ஊர்கள் சிறியவை. நீங்கள் குழுவில் "அந்த லெஃப்ட் பேக்கை யார் எடுத்தார்கள்" என்று கேட்டால், அந்தப் பையனின் அப்பாவை மறுநாள் காலை மார்க்கெட்டில் சந்திப்பீர்கள். அவனுடைய அக்காவோ மாமாவோ அதே குழுவில் இருப்பார்கள். தொலைக்காட்சியில் பார்க்கும் அணியைப் பற்றிச் சொல்லும் சொல் அந்த ஆட்டக்காரனின் காதுக்குப் போகாது; நம் கல்லூரி அணியைப் பற்றிச் சொல்லும் சொல் வேன் வந்து சேரும் முன்பே அவன் செல்போனில் வந்து நிற்கும். பதினெட்டு வயதுப் பையன் அதைப் படித்துவிட்டு, அடுத்த ஆட்டத்தில் பந்தைக் கேட்கவே பயப்படுவான். அந்தப் பயத்தைப் போக்கப் பயிற்சியாளருக்கு ஒரு மாதம் பிடிக்கும். அது அவர் வேறு எதையாவது கற்றுக்கொடுத்திருக்க வேண்டிய மாதம்.

வேன் வந்து நிற்கும் இடத்துக்கு இரண்டு மூன்று பேர் போங்கள். சூடான டீயும் வர்க்கியும் வாங்கிக் கொடுங்கள். "சாப்பிட்டீங்களா தம்பி, கால் எப்படி இருக்கு" என்பதற்கு மேல் அன்று பேச்சு வேண்டியதில்லை. பயிற்சியாளரிடமும் அப்படித்தான். அவருக்கு அன்றிரவு போன் செய்யாதீர்கள். ஆறுதல் சொல்லக்கூட வேண்டாம், ஏனென்றால் ஆறுதலாகத் தொடங்கும் பேச்சு மூன்றாவது நிமிடத்தில் யோசனையாகவும் ஐந்தாவது நிமிடத்தில் குற்றச்சாட்டாகவும் மாறிவிடும். மனத்தில் உள்ளதை இறக்கிவைத்தே ஆக வேண்டும் என்றால், ஆட்டத்தை நேரில் பார்த்தவராக இருக்கும் பட்சத்தில், ஒரு தாளில் உங்களுக்காக மட்டும் எழுதுங்கள்: எந்த நிமிடம், பந்து எந்த இடத்தில் பறிபோனது, அப்போது நம்மவர்கள் எங்கே நின்றார்கள் என்று. பெயர் எழுத வேண்டாம், இடத்தை எழுதுங்கள். அந்தத் தாள் பின்னால் உதவும்.

ஸ்கோரைப் பிரித்துப் பார்ப்பது

மறுநாளோ அதற்கு மறுநாளோ, தோல்வியில் பயிற்சியாளரின் பங்கு எது, மலையிறங்கியதன் பங்கு எது என்று பிரித்துப் பாருங்கள். உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோவை ஏறத்தாழ 410 மீட்டர்தான். உதகையில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. ஆகவே இங்கே பந்து தடையின்றி நீளமாகப் போகும், காற்றில் குறைவாக வளையும். இந்தக் காற்றிலேயே வளர்ந்த பையன் கோவையில் அதே கால் வேகத்தில் உதைக்கும் நீளப் பாஸ் ஃபார்வர்டுக்குச் சில மீட்டர் முன்னாலேயே விழுந்து, எதிரணி டிஃபென்ஸின் நெஞ்சுக்குப் போய்ச் சேரும். அங்கே எதிரணி சுழற்றி அடிக்கும் ஃப்ரீ கிக், நம் கோல்கீப்பர் பழகியதைவிட அதிகமாக வளைந்து உள்ளே வரும். கேலரியில் இருந்து பார்ப்பவருக்கு இவை இரண்டும் திறமைக் குறைவாகவே தெரியும்.

மலைப் பையன்களுக்கு மூச்சு அதிகம், சமவெளியில் அவர்கள் ஓடித் தீர்த்துவிடுவார்கள் என்று நம்மில் பலர் நம்புகிறோம். அதில் உண்மை உண்டு, ஆனால் பாதி உண்மைதான். மெல்லிய காற்றில் பழகிய உடலுக்கு ஓட்டத்தில் கொஞ்சம் அனுகூலம் இருக்கலாம். வெயில் அந்த அனுகூலத்தை அரை மணி நேரத்தில் தின்றுவிடும். வெப்பத்தில் கடுமையாக உழைக்க உடல் பழகுவதற்குப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு விடியற்காலையில் வேன் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு புரண்டு, முற்பகல் பதினோரு மணி வெயிலில் மைதானத்தில் இறங்கும் அணி கடைசி இருபது நிமிடத்தில் நடக்கத் தொடங்கினால், அதைப் பார்த்து "பையன்களுக்கு வெறி இல்லை" என்று சொல்வது அநியாயம்.

உயரம் பெரிய அணிகளையே புரட்டிப் போடும். 2009 ஏப்ரல் 1 அன்று, ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்தில் உள்ள லா பாஸ் நகரில் பொலிவியா அர்ஜென்டினாவை 6-1 என்று வென்றது. அர்ஜென்டினாவின் பயிற்சியாளர் மரடோனா. அவர் பொறுப்பேற்று ஆறு மாதம்கூட ஆகவில்லை. அணியில் மெஸ்ஸி இருந்தார். அவர்கள் ஏறிப்போய்த் தோற்றார்கள், நாம் இறங்கிப்போய்த் தோற்கிறோம். அதே அர்ஜென்டினா மரடோனாவின் கீழேயே 2010 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றுக் காலிறுதி வரை சென்றது.

இதைச் சொல்வது பயிற்சியாளருக்குச் சாக்குத் தேடிக் கொடுப்பதற்காக அல்ல. மலையிறங்கினால் இப்படியெல்லாம் ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் நாளே கிளம்ப முயன்றாரா, தண்ணீருக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கும் ஏற்பாடு இருந்ததா, மாற்று ஆட்டக்காரர்களைக் களைப்புத் தெரியத் தொடங்கியவுடன் இறக்கினாரா, எல்லாம் முடிந்த பிறகு இறக்கினாரா என்பவை நியாயமான கேள்விகள். இவற்றைத் தாளில் தனியாகக் குறித்து வையுங்கள்.

அவர் கைக்கு வந்தது என்ன

கல்லூரி அணிக்குப் பயிற்சியாளர் ஆட்களை விலைக்கு வாங்குவதில்லை. பட்டப்படிப்பு மூன்று ஆண்டு; ஆகவே ஒவ்வோர் ஆண்டும் அணியில் மூன்றில் ஒரு பங்கினர், அதுவும் மிகத் தேர்ந்தவர்கள், வெளியேறுகிறார்கள். புதியவர்கள் சேர்க்கை முடிந்து வரும் நேரத்தில் உதகையிலும் கூடலூரிலும் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்கிறது. அது ஓய்ந்ததும் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. மழையில்லாத மாலையிலும் மூடுபனி இறங்கிவிட்டால், ஒரு கோல் போஸ்டிலிருந்து அடுத்த கோல் போஸ்ட் தெரியாது. அறிவியல் மாணவனுக்கு லேப் முடிய நான்கு மணி ஆகும். தொலைவில் உள்ள ஹட்டியிலிருந்தோ (படுகர் ஊர்) எஸ்டேட்டிலிருந்தோ வருபவனுக்குக் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பதினோரு பேரும் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் முழுமையாகப் பயிற்சி செய்த நாள்கள் எத்தனை என்று அணித் தலைவனிடம் கேட்டுப் பாருங்கள். பயிற்சியாளரை நிறுத்துப் பார்ப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் கணக்கு அதுதான்.

இன்னொன்றும் உண்டு. மலப்புறத்து எல்லையை ஒட்டிய பக்கத்திலிருந்து வருபவன் செவன்ஸ் ஆட்டத்தில் கைதேர்ந்தவனாக இருக்கலாம். சிறிய மைதானம், ஏழு பேர், பந்து கிடைத்தவுடன் அடி. அவனைப் பதினோரு பேர் ஆட்டத்தில் ஓரிடத்தில் நிறுத்தி, பந்து தன்னிடம் வராத எண்பது நிமிடத்திலும் அந்த இடத்தைக் காக்கச் சொல்வது எளிதில் ஆகும் காரியம் அல்ல. அவனும் நல்ல ஆட்டக்காரன், பயிற்சியாளரும் சரியாகத்தான் சொல்கிறார். இருந்தும் முதல் சில மாதங்களில் இருவரும் சேர்ந்து தோற்பார்கள்.

அடுத்த ஆட்டங்களில் எதைப் பார்ப்பது

இந்தப் பகுதியைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். பொறுத்திருப்பவர் பார்க்கத் தெரிந்தவராக இருந்தால்தான் அந்தப் பொறுமைக்குப் பயன் உண்டு. இல்லாவிட்டால், இரண்டாவது தோல்வியில் அது முன்பைவிட மோசமான கோபமாக வெடிக்கும்.

பந்தைப் பார்ப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் பந்தை இழந்த நொடியில், அடுத்த நான்கைந்து நொடிகளுக்கு, பந்துக்கு அருகில் இருக்கும் மூன்று பேர் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். இடுப்பில் கை வைத்து நிற்கிறார்களா, ஒருவன் மட்டும் விரட்டுகிறானா, அல்லது ஒருவன் விரட்டும்போது மற்ற இருவரும் பாஸ் போகும் வழியை அடைக்கிறார்களா? முதல் ஆட்டத்தில் ஒருவனும், மூன்றாவது ஆட்டத்தில் இருவரும், ஐந்தாவது ஆட்டத்தில் மூவரும் அசைந்தால், ஸ்கோர் எதுவாக இருந்தாலும் அங்கே ஒருவர் கற்றுக்கொடுக்கிறார் என்று அர்த்தம்.

இடது ஓரத்தில் கோலைக் காக்கும் லெஃப்ட் பேக்கை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் அவன் பின்னாலேயே நின்று, பந்து வந்தால் ஓங்கி வெளியே அடிப்பான். யாரும் அவனைக் குறை சொன்னதில்லை. புதிய பயிற்சியாளர் அவனை மேலேறிப் போகச் சொல்கிறார், அவன் போன இடத்தை கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் இருவரில் இடப்பக்கத்தவனான சென்டர் பேக் நகர்ந்து வந்து மூட வேண்டும் என்கிறார். முதல் ஆட்டத்தில் லெஃப்ட் பேக் போகிறான், சென்டர் பேக் நகர மறக்கிறான், அந்த இடைவெளியில் பந்து வந்து கோல் விழுகிறது. கேலரி முழுவதும் லெஃப்ட் பேக்கைத் திட்டுகிறது. உண்மையில் அவன் சொன்னதைச் செய்தவன். அடுத்த ஆட்டத்தில் அந்த சென்டர் பேக்கின் தலையைப் பாருங்கள். தோழன் மேலேறும்போது அது இடப்பக்கம் திரும்புகிறதா? திரும்பத் தொடங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மூன்று ஆட்டம் கழித்தும் திரும்பவில்லை என்றால், ஒன்று பயிற்சியாளர் அதைச் சொல்லவில்லை, அல்லது அவர் சொல்வது பையன்களுக்குப் புரியவில்லை. அது கேட்க வேண்டிய கேள்வி.

பழைய தவறு வேறு, புதிய தவறு வேறு. கோல்கீப்பர் பந்தைக் கண்மூடித்தனமாக நடுமைதானத்துக்கு அடித்து இழப்பது பழைய தவறு. அருகில் உள்ள சென்டர் பேக்குக்குக் கொடுக்க முயன்று, பாஸ் மெதுவாகப் போய்ப் பறிபோவது புதிய தவறு. இரண்டாவது தவறு கண்ணுக்கு அதிகம் உறுத்தும், கோலும் விழும். ஆனாலும் அது ஒரு முயற்சியின் பிழை. கவாத்து வெட்டிய தேயிலைத் தோட்டம் சில மாதம் மொட்டையாக நிற்பதைப் பார்த்து, வெட்டியவனை வேலையிலிருந்து நிறுத்தும் தோட்டக்காரர் நம் மாவட்டத்தில் கிடையாது.

கோல் வாங்கிய பிறகு வரும் பத்து நிமிடமும் நிறையச் சொல்லும். அணி ஒருவரையொருவர் கைநீட்டித் திட்டுகிறதா, தலைவன் நாலு பேரைக் கூப்பிட்டுப் பேசுகிறானா? எதிரணி கார்னர் எடுக்கும்போது, முதல் ஆட்டத்தில் தனியாக விடப்பட்ட உயரமான ஆட்டக்காரனை இப்போது யாராவது பிடித்து நிற்கிறார்களா? வெளியே அழைக்கப்பட்ட பையன் பயிற்சியாளர் பக்கத்தில் உட்காருகிறானா, பெஞ்சின் கடைசிக்குப் போகிறானா?

எவ்வளவு காலம்

இந்தியக் கால்பந்தின் மிகப் பெரிய பயிற்சியாளர் என்று பலரும் ஒப்புக்கொள்ளும் ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம் 1950-இல் தேசிய அணியின் பொறுப்புக்கு வந்தார். 1951-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வாங்கிக் கொடுத்தார். அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அவர் அணி யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. அத்தோடு அவரை அனுப்பியிருந்தால், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கின் நான்காம் இடம் அவர் கையால் வந்திருக்காது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அவர் அணி முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோற்றது. அதே தென்கொரியாவை இறுதியாட்டத்தில் 2-1 என்று வென்று தங்கம் பெற்றது. அந்த இறுதியாட்டத்தில் கோல் காத்த பீட்டர் தங்கராஜ் நமக்கு அந்நியர் அல்லர். குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள ராணுவ மையமான மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரின் அணியில் ஃபார்வர்டாகத் தொடங்கி கோல்கீப்பராக மாறியவர். அந்த வெலிங்டன் அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது. குன்னூர்க்காரர்கள் இதைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மான்செஸ்டர் யுனைடெட்டில் அலெக்ஸ் ஃபெர்குசன் 1986 நவம்பரில் தம் முதல் ஆட்டத்தை ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட்டிடம் 2-0 என்று தோற்றார். முதல் கோப்பை 1990-இல்தான் வந்தது. தோற்கிற எல்லோரும் ரஹீமாகவோ ஃபெர்குசனாகவோ ஆகிவிடுவதில்லை. ஓர் ஆட்டத்தின் ஸ்கோரை வைத்து ஒருவரை அளக்க முடியாது என்பதற்கு மட்டும் இவை சாட்சி.

கல்லூரி அணிக்கு என் கணக்கு இது. முதல் சீசன் முழுவதும், அதாவது சேர்க்கையிலிருந்து போட்டிகள் முடியும் வரை, வெற்றி தோல்வியை வைத்துப் பேசவே கூடாது. மேலே சொன்ன மாற்றங்கள் தெரிகின்றனவா என்று மட்டும் பார்க்க வேண்டும். இரண்டாவது சீசனில் அவரே தேர்ந்தெடுத்த முதலாண்டு மாணவர்கள் அணிக்குள் வந்துவிடுவார்கள். அப்போது முடிவுகளையும் சேர்த்துக் கேட்கலாம்.

கேள்வியை எப்படிக் கேட்பது

இடைவேளையில் கோட்டுக்கு அருகே நின்று கேட்காதீர்கள். ஆட்டக்காரன் மூலம் சொல்லி அனுப்பாதீர்கள். அவனை அது பயிற்சியாளருக்கும் உங்களுக்கும் நடுவில் மாட்டிவிடும். தோல்விக்கு மூன்று நான்கு நாள் கழித்து, ஒரு பயிற்சி நாளில் இரண்டு பேர் மட்டும் மைதானத்துக்குப் போய், முழுப் பயிற்சியையும் நின்று பாருங்கள். கோன்களை அடுக்கி, பந்துகளை வலைப்பையில் போட்டு, பையன்கள் கிளம்பிய பிறகு பேசுங்கள். "சார், இடது பக்கம் மேலேறி ஆடுவது நன்றாக இருக்கிறது, பின்னால் அந்த இடத்தை யார் மூட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்ல முடியுமா?" என்று கேட்டால் எந்தப் பயிற்சியாளரும் மகிழ்ச்சியோடு தரையில் கல் வைத்துக் காட்டுவார். "ஏன் சார் தோற்றோம்?" என்று கேட்டால் அவருக்குப் பதில் இருக்காது, உங்களுக்கும் எதுவும் கிடைக்காது. பழைய பயிற்சியாளரை இந்தப் பேச்சில் இழுக்கவே வேண்டாம். அவரும் இதே ஊரில் இருப்பவர். அவர் பெயரை ஆயுதமாக்குவது இருவருக்கும் செய்யும் அவமரியாதை.

ஜெர்சிக்கோ பயணச் செலவுக்கோ பணம் கொடுப்பவர்கள், அதனால் அணித் தேர்வில் தங்களுக்கு உரிமை வந்துவிட்டதாக எண்ணக் கூடாது. உதவ விரும்பினால், போட்டிக்கு முந்திய இரவு மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ அணி தங்குவதற்கு இடம் பிடித்துக் கொடுங்கள். இதைவிடப் பெரிய உதவி எனக்குத் தெரிந்து இல்லை. ஆட்டத்தைக் கேலரியின் உயரமான இடத்திலிருந்து, பந்தைத் துரத்தாமல், முழு மைதானமும் தெரியும்படி செல்போனில் பதிவு செய்து, பயிற்சியாளரிடம் மட்டும் கொடுங்கள். கோல் விழுந்த துண்டை வெட்டிக் குழுவில் போடாதீர்கள்.

எதற்குப் பொறுக்கக் கூடாது

சில விஷயங்களுக்கு ஒரு நாள் அவகாசமும் தேவையில்லை. மாணவனை அடிப்பது, சாதியையோ ஊரையோ இழுத்துத் திட்டுவது, இடம் தருவதற்குப் பணமோ பொருளோ கேட்பது, காயம்பட்டவனை ஊசி போட்டு இறக்குவது, தலையில் அடிபட்டவனைத் தொடர்ந்து ஆடவைப்பது ஆகியவை அணி வென்றாலும் குற்றமே. 1962-இல் ஜர்னைல் சிங் தலையில் தையலோடு ஆடி இறுதியாட்டத்தில் கோல் போட்டதை நாம் பெருமையாகச் சொல்கிறோம்; அது அந்தக் காலத்து வீரம், இன்று எந்தக் கல்லூரிப் பையனுக்கும் அதை முன்மாதிரியாக வைக்கக் கூடாது. இப்படிப்பட்ட ஒன்றைக் கண்டால் அன்றைக்கே கல்லூரி முதல்வரிடமும் உடற்கல்வி இயக்குநரிடமும் எழுத்தில் கொடுங்கள்.

ஆட்டம் சார்ந்த குறையாக இருந்து, இரண்டாவது சீசனின் முடிவிலும் அதே இடைவெளியில் அதே கோல் விழுந்துகொண்டிருந்தால், அப்போதும் எழுத்துதான் வழி. முதல் தோல்வி அன்று எழுதத் தொடங்கிய தாள்களை எடுத்து, எந்தெந்த ஆட்டத்தில் எது மாறவில்லை என்பதை வரிசையாகச் சொல்லி, மாறியதையும் விடாமல் குறிப்பிட்டு, கையெழுத்தும் படித்த ஆண்டும் போட்டு முதல்வர், உடற்கல்வி இயக்குநர் இருவரிடமும் கொடுங்கள். அதன் நகல் ஒன்றைப் பயிற்சியாளரிடம் நீங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அதில் இருப்பதை அவர் வேறொருவர் வாயிலிருந்து கேட்கும்படி விடாதீர்கள்.